இருவழிச் சுமை

பட்டாளத்து லாரி சம்மனசுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது கரையில் மடிவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டுத் திரும்பியவர்கள் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மடியில் அகப்பட்டிருந்த சாளை மீனில் பாதி, வந்த வழியே கடலுக்குத் திரும்பிப் போயிற்று. "லாரி வந்ததுல மொதல் லாபம் சாளைக்காக்கும்" என்று அந்த ஊரில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

முட்டத்துக் கலங்கரை விளக்கு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அறுபது ஓலை வீடுகளும் ஓர் அந்தோனியார் கோயிலும் உள்ள துறை அது. அதுவரை அங்கே வந்த பெரிய வண்டி, கருவாடு எடுக்க வருகிற மாட்டுவண்டிதான். இப்போது வந்து நின்றதோ பத்துச் சக்கரம். உடம்பெல்லாம் பாசி நிறம். கதவில் வெளிறிப்போன ஒரு வெள்ளை நட்சத்திரம். மூக்கில் இரும்புக் கயிறு சுற்றிய உருளை. சக்கரம் ஒவ்வொன்றும் ஓர் ஆளின் மார்பளவு உயரம். வலதுபக்கக் கதவைத் திறந்துகொண்டு சிலுவைமுத்து இறங்கினான்.

"ஏலே சிலுவ! நீயா ஓட்டிட்டு வந்த?"

"நான் எங்க ஓட்டினேன்? நான் சும்மா இருந்தேன். ஓட்டினது அந்தப் பக்கம்."

இடதுபக்கத்திலிருந்து இறங்கியவன் ஜெபமணி. குழித்துறைக்குப் பக்கத்து ஊர்க்காரன். யுத்தத்தில் அஸ்ஸாம் காட்டுப் பாதைகளில் இதே மாதிரி வண்டியை நாலு வருஷம் ஓட்டிவிட்டுப் பட்டாளம் கலைந்து வந்தவன். அமெரிக்காக்காரன் செய்த வண்டியாதலால் ஓட்டுகிற வளையம் இடதுபக்கம் இருந்தது. வலதுபக்கம் இருப்பவன் எதிரே வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு அப்பாலிருந்த கிடங்கில் ஏலம் எடுத்து, மூன்று நாள் ஓட்டிவந்த கதையை ஜெபமணி அன்றே ஊருக்குச் சொன்னான்.

"ஆரல்வாய்மொழி சாவடியில போலீஸ்காரன் கைகாட்டி நிறுத்துகான். நேரா அண்ணன்கிட்டப் போயி, 'லைசென்ஸ எடும்வே'ங்கான். அண்ணன் கையக் கெட்டிட்டு இருந்து சொல்லுது, 'நான் மீன் பிடிக்கிய ஆளாக்கும், எனக்கு எதுக்கு லைசென்ஸ்?' அவன் குனிஞ்சு பாக்கான். வளையம் இல்ல, ஒண்ணும் இல்ல. 'ஆளில்லாம ஓடுகுதாடே வண்டி'ன்னு அரண்டு போனான்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிலுவைமுத்துவின் மனைவி குளோரி மட்டும் மீன் சுமக்கிற ஓலைக்கடவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியை ஒருமுறை சுற்றி வந்தாள். சுற்றி வந்து கேட்டாள்.

"இஞ்ச பாருங்க. இது வேலைக்கா, சேத்து வைக்கவா?"

கேட்க அவளுக்குக் காரணம் இருந்தது. சிலுவைமுத்துவுக்குப் பொருள் சேர்ப்பதில் ஒரு பைத்தியம். யுத்த காலத்தில் கடல் கரைக்குக் கொண்டுவந்து போட்டதையெல்லாம் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒரு மிதவை வளையம். இரண்டு இரும்புத் தொப்பி. முள் எப்போதும் அடுக்களையையே காட்டுகிற ஒரு திசைகாட்டி. மூடி திறக்க முடியாத தகரப் பெட்டி ஒன்று. அதைத் திறக்க அவன் யாரையும் விடவில்லை. எல்லாவற்றிலும் பெரிது, எங்கோ மூழ்கிய கப்பலிலிருந்து மிதந்து வந்த இருபத்திரண்டு பலகைகள். நாலு விரல் கனம், அந்நிய எழுத்து பொறித்தவை. வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு இறக்கி, மழை படாமல் அடுக்கி வைத்திருந்தான். அம்மி வைக்க ஒரு பலகை கேட்டாள் குளோரி. "அது வேண்டாம் மக்கா, அது கப்பல் பலகையாக்கும்" என்றான். ஆறு வருஷமாக அம்மி மண்ணில்தான் கிடந்தது.

"வேலைக்குத்தான் ஏட்டி."

"வள்ளத்த வித்து வாங்கியிருக்கிய."

"ஆமா."

"வள்ளம் போவும்போ வலையக் கொண்டுபோவும், வரும்போ மீனக் கொண்டுவரும். இது காலையில எங்க மீனக் கொண்டுபோவும். வரும்போ என்னத்தக் கொண்டுவரும்?"

"வடசேரிச் சந்தையில இருந்து காய்கறி, வாழக்கொல… முட்டம், கொளச்சல் கடைக்காரனுக்கெல்லாம் சரக்கு வேணும்லா? தாணுமாலயம் பிள்ளைட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"அப்பம் ரெண்டு வழியும் சுமையோட வாற அன்னைக்கு நான் இதுல ஏறுதேன். அதுவர எனக்குக் காலு இருக்கு."

சொன்னால் சொன்னதுதான் குளோரி. அந்த லாரியை எதற்காக வாங்கினான் என்பதைச் சிலுவைமுத்து அவளிடம் சொல்லவில்லை.

பதினெட்டு வருஷமாகக் குளோரி அந்தக் கரையிலிருந்து அம்மாண்டிவிளை, வெள்ளிச்சந்தை, ஆசாரிப்பள்ளம் வழியாக வடசேரிக்கு மீன் சுமந்து போகிறாள். பத்து மைல். நடந்தால் மீன் கெட்டுவிடும் என்று பாதி வழி ஓட்டம். போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவள் முற்றத்தில் குனிந்து தலைமுடி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவன் பார்த்தான். உச்சியில், சும்மாடு இருக்கிற இடத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. அவள் நிமிர்ந்ததும் அவன் வேறு பக்கம் பார்த்தான். பட்டாளத்து லாரிகள் ஏலத்துக்கு வருகின்றன என்று ஜெபமணி வடசேரியில் வைத்துச் சொன்னது அதற்கடுத்த வாரம்.

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். மறுநாள் காலை லாரி ஓடத் தொடங்கியது. பக்கத்து வீட்டு லீமாவும் மற்ற மீன்காரப் பெண்களும் கடவங்களோடு ஏறிக்கொண்டார்கள். குளோரி கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு விடியுமுன்பே கிளம்பினாள். வெள்ளிச்சந்தைக்கு அருகே லாரி அவளைப் பிடித்தது. ஜெபமணி வேகத்தைக் குறைத்து, அவளுடைய ஓட்டத்துக்குச் சமமாக உருட்டினான்.

"மயினி, ஏறுங்க!"

"காலியா வாற வண்டியில நான் ஏறமாட்டேன்."

"இப்பம் காலியா இல்லியே, நெறஞ்சுல்லா போவுது!"

"திரும்பி வரும்போ பாப்போம்."

மேலேயிருந்து லீமா எட்டிப் பார்த்தாள். "ஏட்டி குளோரி, உனக்க மாப்பிளைக்க லாரி, நாங்க மவராணி மாதிரி போறோம், நீ கழுத மாதிரி ஓடுக!"

"கழுதைக்கு வழி தெரியும்ட்டி. மவராணியள நடுவழியில இறக்கிவிட்டா வீடு தெரியுமா?"

லாரி முழுக்கச் சிரித்தது. சிலுவைமுத்து வலதுபக்க இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தான்.

அந்த முதல் வாரம் வடசேரியில் தாணுமாலயம் பிள்ளை லாரியைச் சுற்றிப் பார்த்துத் திருப்திப்பட்டார். சந்தையில் காய்கறி மொத்தக் கடை வைத்திருந்தவர் அவர். நெற்றி நிறையத் திருநீறு. வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை சாப்பிடாத மனிதர். "மீன் கொண்டாந்த லாரித் தட்ட நல்லாக் கழுவிக் குடுத்தாப் போரும்வே. திங்கக்கிழமையில இருந்து ஏத்திருவோம்" என்றார்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜெபமணி சனிக்கிழமை மதியமே வீட்டுக்குப் போயிருந்தான். சிலுவைமுத்து கொளச்சலில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தான். குளோரி பூசை முடிந்து வந்து முற்றத்தில் நின்ற லாரியைப் பார்த்தாள். கடல்காற்றில் அதன் இரும்பில் உப்புப் பூத்திருந்தது. கோபம் இருந்தாலும், வாசலில் நிற்கிற பொருளை அநாதையாக விட அவளுக்கு மனம் வரவில்லை. வள்ளம் இருந்த காலத்தில் வருஷாவருஷம் அவள் என்ன செய்வாளோ அதையே இதற்கும் செய்தாள். லீமாவையும் கூப்பிட்டுக்கொண்டு, முதலில் தண்ணீர் விட்டுக் கழுவினாள். வெயிலில் காயவிட்டாள். பிறகு ஒரு குடம் சுறா எண்ணெயைச் சூடாக்கி, தேங்காய் நார்ச் சவுரியில் தொட்டு, சக்கரத்தின் இடுக்கிலிருந்து அடிச்சட்டம் வரைக்கும், மேல்தட்டுப் பலகை முழுவதற்கும், கதவின் உள்பக்கம்கூட விடாமல், மூன்று பூச்சுப் பூசினாள். சாயங்காலம் லாரி பளபளவென்று, இப்போதுதான் கடலிலிருந்து ஏறிவந்த திமிங்கலம் மாதிரி நின்றது.

அன்றைக்கே திரும்பிவந்த ஜெபமணி, சவுக்குத் தோப்புக்கு அப்பால் வரும்போதே மூக்கைப் பொத்தினான். முற்றத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டான். குளோரி கை முழுக்க எண்ணெயோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கொழுந்தா, பேசாம நிக்கிய? பட்டாளத்துல இப்பிடிப் பூசமாட்டாவளோ?"

பெருக்கின வாசலைக் காட்டுகிற பிள்ளையின் முகம் போலிருந்தது அவள் முகம்.

"பூசுவாவ மயினி. இவ்வளவு நல்லாப் பூசமாட்டாவ. இரும்புக்கு… இரும்புக்கு இத விட நல்லது ஒண்ணும் இல்லியாக்கும்."

திங்கட்கிழமை வடசேரியில் தாணுமாலயம் பிள்ளை லாரியை நெருங்கவே இல்லை. பத்தடி தள்ளி நின்று துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

"வேய் சிலுவ, என்னவே இது? சுறா செத்துக் கெடக்கா உள்ள?"

சிலுவைமுத்து சொன்னான். யார் பூசினார்கள், ஏன் பூசினார்கள் என்று எல்லாம் சொன்னான். பிள்ளை மூக்கிலிருந்த துண்டைக் கொஞ்சம் இறக்கினார்.

"வள்ளத்துக்குப் பூசுக மாதிரி லாரிக்குப் பூசியிருக்கா அந்தப் பிள்ள. பாவம். வேய், அவகிட்ட நாத்தம்னு சொல்லிராதியும். சரக்கு வரத்து இல்லேன்னு சொல்லும்."

"அவ இங்க சந்தைக்கு வருவா மொதலாளி. உங்ககிட்டயே கேப்பா."

"கேட்டா நானும் அதத்தாம்வே சொல்லுவேன். ஆனா ஏத்தமாட்டேன். இந்த நாத்தம் ஒட்டின கத்திரிக்காய எவன் வேய் வாங்குவான்?"

குளோரி கேட்டபோது பிள்ளை அப்படியே சொன்னார். தூத்துக்குடிப் பக்கம் மழை இல்லை, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் இன்னும் திறக்கவில்லை, விளைச்சல் குறைவு என்று, கடை நிறையக் காய்கறியை வைத்துக்கொண்டே சொன்னார். குளோரி நம்பினாள். நம்பிவிட்டு, "நல்ல வரத்து வாறதுக்கு மாதாகிட்ட வேண்டிக்கிடுதேன் மொதலாளி" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிள்ளைக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

சிலுவைமுத்து சும்மா இருக்கவில்லை. தண்ணீர்விட்டுக் கழுவிப் பார்த்தான். எண்ணெய் பலகைக்குள் ஊறிப்போயிருந்தது. கழுவக் கழுவ வாசனை புதிதாக எழுந்தது. அழுந்தத் தேய்த்தால் குளோரி ஏன் என்று கேட்பாள். ஆகவே விட்டுவிட்டான். அந்த மாதம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது பொய் சொன்னதை ஒப்புக்கொண்டான். அதைப் பிற்பாடு அவனே எல்லோரிடமும் சொல்லுவான்.

"சாமி கேட்டாரு, 'யாரு பொய் சொன்னா?'ன்னு. நானும், எனக்க டிரைவரும், வடசேரியில ஒரு மொதலாளியும்னேன். 'மத்தவங்க ரெண்டு பேரும் ஏன் வரல?'ன்னாரு. ஒருத்தரு புராட்டஸ்டண்டு சர்ச்சுக்குப் போற ஆளு, ஒருத்தரு சிவன் கோயிலுக்குப் போற ஆளுன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. 'அப்பம் மூணு பேருக்கும் சேத்து மூணு செபமாலைய நீயே சொல்லு'ன்னுட்டாரு."

வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. லாரி காலையில் நிறைந்து போய், மத்தியானம் காலியாக வந்தது. ஆறு மைலுக்கு ஒரு கேலன் பெட்ரோல் குடிக்கிற பிராணி அது. போகிறபோது சம்பாதித்ததைத் திரும்பி வருகிறபோது குடித்துவிடும். குளோரி தினமும் பத்து மைல் ஓடினாள். லாரி தினமும் வெள்ளிச்சந்தையில் அவளோடு கொஞ்ச தூரம் உருண்டது. புரட்டாசிக் கடைசியில் பேச்சிப்பாறைக் காட்டில் மரம் எடுக்கிற ஒரு கண்ட்ராக்டர் ஆள் அனுப்பினார். வண்டியை விற்பதானால் ஐப்பசி முதல் திங்கட்கிழமை தாமே வந்து பார்த்து, அன்றே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வேறு வழி தெரியாமல் சிலுவைமுத்து சரி என்றான்.

அன்று சோறு போடும்போது குளோரி கேட்டாள். "வித்தபொறவு?"

"யாராவது வள்ளத்துல பங்குக்குப் போவேன்."

"உங்களுக்கு விக்க மனசு இல்ல."

"உனக்கு ஏற மனசு இல்லியே."

அவள் இன்னொரு துண்டு மீனை அவன் தட்டில் வைத்தாள். வெளியே மழை தொடங்கியது.

அந்த மழை ஐந்து நாள் விடவில்லை. வெள்ளிக்கிழமை வில்லுக்குறிப் பக்கம் கால்வாய் உடைத்துக்கொண்டு ரோட்டின்மேல் தண்ணீர் ஓடுவதாகச் செய்தி வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு வில்வண்டி சேற்றில் தள்ளாடித் தள்ளாடி சம்மனசுத்துறைக்குள் வந்தது. அதிலிருந்து, முழங்கால்வரை வேட்டியைத் தூக்கிக்கொண்டு, நெற்றித் திருநீறெல்லாம் மழையில் வழிய, தாணுமாலயம் பிள்ளை இறங்கினார். அந்தக் கரையில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"சிலுவ! ஏய் சிலுவ! நாளைக்குக் காலம்பற எனக்க மவளுக்குக் கல்யாணம்வே!"

"தெரியும் மொதலாளி. பத்திரிகை குடுத்தியளே. வாங்க, உள்ள வாங்க, நனையிதிய."

"உள்ள வரதுக்கு நேரமில்ல. ஏத்தங்கொல, சேன, பூசணி, தேங்கா, எல்லாம் குழித்துறைச் சந்தையில எடுத்தது, வில்லுக்குறித் தண்ணிக்கு அந்தக் கரையில வந்து கெடக்கு. ரோட்டுமேல இடுப்பளவு தண்ணி. திங்கள்சந்த வழியும் போச்சு. வடசேரி லாரிக்காரன் மூணு பேரும் கைய விரிச்சுட்டான். ஆயிரம் எல போடணும். ஆக்குப்பிரையில வெறும் சட்டிய வச்சுட்டு சமையக்காரன் உக்காந்திருக்கான். உமக்க வண்டி தண்ணியில போவும்லா?"

ஜெபமணி முன்னே வந்தான். "இடுப்பளவா? அஸ்ஸாம்ல நாங்க மாரளவுல போயிருக்கோம். பத்துச் சக்கரமும் இழுக்கும் மொதலாளி."

"அப்பம் எடும்வே, எடும்! நாத்தம் இருந்தா இருக்கட்டும், கல்யாணம் நடந்தாப் போரும்!"

சொன்ன பிறகுதான் பிள்ளை குளோரியைப் பார்த்தார். அவள் சாய்ப்பு ஓரத்தில் நின்றிருந்தாள்.

"என்ன நாத்தம் மொதலாளி?"

சிலுவைமுத்து மழையைப் பார்த்தான். ஜெபமணி சக்கரத்தைப் பார்த்தான்.

"லாரி நாறுதா?"

"அது… எனக்க மூக்கு ஒரு மாதிரியாக்கும் பிள்ளே," என்றார் பிள்ளை.

குளோரி மெதுவாக லாரியின் பக்கம் போனாள். பலகையில் கையை வைத்து முகர்ந்தாள். அவளுக்கு அது அப்பனுடைய வள்ளத்தின் வாசனைதான். பிறந்ததிலிருந்து முகர்ந்த வாசனை. அதை நாற்றம் என்று சொல்ல உலகத்தில் ஆள் இருப்பார்கள் என்பதே அவளுக்கு இப்போதுதான் தோன்றியது.

"அப்பம் சரக்கு வரத்து இல்லேன்னது?"

"பொய்யாக்கும்," என்றான் சிலுவைமுத்து.

"இரும்புக்கு நல்லதுன்னது?"

"அதும் பொய்யாக்கும் மயினி," என்றான் ஜெபமணி.

"ஆறு மாசமா மூணு ஆம்பிளயளும் சேந்து…" என்று தொடங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழையில் நனைந்த முகத்தில் எது மழை என்று யார் கண்டது? மனிதர் ஒருவருக்கொருவர் செய்கிற உபகாரங்களில் சொல்லாமல் விட்ட சொல்லும் ஒன்று. அதைப் பெற்றுக்கொண்டவருக்கு அது தெரியவருகிற நாள் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

அடுத்த நிமிஷம் அவள் குரல் கரை முழுவதும் கேட்டது.

"ஏட்டி லீமா! அடுப்புச் சாம்பல் அம்புட்டையும் அள்ளிட்டு வா! வீட்டுக்கு ஒரு உருண்டை புளி வாங்கு! சவுரி எடு! மொதலாளிக்க மவ கல்யாணமாக்கும்!"

இருபது பெண்கள் மழையில் லாரிமேல் ஏறினார்கள். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தார்கள். பக்கச் சட்டங்களிலும் கதவிலும் நாற்றம் போய்விட்டது. தட்டுப் பலகையில் மட்டும் போகவில்லை. தேய்த்த இடத்தில் பிள்ளை குனிந்து முகர்ந்து, மரியாதைக்காகத் தலையை ஆட்டினார். ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குளோரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"வள்ளத்துல அடிப்பலகை ஊறிப்போனா என்ன செய்வோம்?"

"மாத்துவோம்."

"பின்ன?"

சிலுவைமுத்துவுக்குப் புரிந்தது. அவன் முகம் ஒரு கணம், கையிலிருந்த பண்டத்தை யாரோ கேட்டுவிட்ட சிறு பிள்ளையின் முகம் போலாயிற்று. பிறகு அவனே வீட்டுக்குப் பின்னால் நடந்தான். ஓலைச் சாய்ப்பைத் தூக்கி, முதல் கப்பல் பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஆறு வருஷத்துக்கு மேல் மழையும் மீனும் படாமல் இருந்த பலகை. அதில் பிசின் வாசனைதான் அடித்தது. பழைய தட்டைக் கழற்றி ஒதுக்கி வைத்தார்கள். இருபத்திரண்டில் பதினெட்டுப் பலகை, யாரோ அளவெடுத்து அனுப்பிய மாதிரி, லாரியின் நீளத்துக்குச் சரியாகப் பொருந்தியது. மிச்சம் நாலு.

"ஒண்ணு எனக்க அம்மிக்கு," என்றாள் குளோரி.

ஜெபமணி முன்சக்கரமும் இழுப்பதற்கான கம்பியைத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தான். பிள்ளை நடுவில், சிலுவைமுத்து வலதுபக்கம். வில்லுக்குறியில் தண்ணீர் கதவு இடுக்கு வழியே உள்ளே வந்து பிள்ளையின் மடிவரை ஏறியதாம். அவர் "தாணுமாலயா, தாணுமாலயா" என்று சாமியையும் தம்மையும் சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாராம். சிலுவைமுத்து தன் கழுத்திலிருந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஜெபமணி மட்டும் சீட்டி அடித்தான். அக்கரையில் இருநூறு பேர் நின்று குரவையிட்டார்கள். இரண்டு நடையில் எல்லாச் சாமானும் இக்கரை வந்தது. விளக்கேற்றும் வேளையில் ஆக்குப்பிரை வாசலில் லாரி நின்றபோது, சமையற்காரர் ஒவ்வொரு குலையாக எடுத்து முகர்ந்து பார்த்தார். எல்லாம் பார்த்துவிட்டு, "சாம்பிராணி மாதிரியில்லா அடிக்குது! கோயில் லாரியாவே இது?" என்றார். பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் லாரி திரும்பி வந்தது. பிள்ளை அதைக் காலியாக அனுப்பவில்லை. அடைப் பிரதமன் பாயசம் இரண்டு பெரிய குட்டுவப் பாத்திரம் நிறைய, அவியல், எரிசேரி, உப்பேரி, பழக்குலை, இலைக்கட்டு என்று ஏற்றியிருந்தார். கோயில் முற்றத்தில் ஊர் முழுதும் உட்கார்ந்து சாப்பிட்டது. லீமா பிரதமனை நக்கிப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாம் கொள்ளாம். ஆனா மீன் வாசம் இல்லியே. அதனால ஒரு ருசிக் கொறவு."

குளோரி லாரியைப் பார்த்தாள். ஜெபமணி அவள் பார்த்ததைப் பார்த்தான்.

"மயினி, இன்னைக்கு வண்டி ரெண்டு வழியும் நெறஞ்சு வந்துருக்கு."

"கல்யாணச் சோறு சுமையா? நாளைக்குப் பாப்போம்."

திங்கட்கிழமை விடியற்காலையில் கண்ட்ராக்டர் தம் மெக்கானிக்கோடு வந்துவிட்டார். லாரியில் அப்போது பழைய தட்டை மேலே போட்டு, அதன்மேல் மீன்கடவங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீனுக்கு அது, காய்கறிக்குக் கப்பல் பலகை என்று குளோரி நேற்றே ஏற்பாடு செய்திருந்தாள். மெக்கானிக் வண்டிக்கடியில் ஊர்ந்து போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவன் சட்டையெல்லாம் சுறா எண்ணெய்.

"அடியில என்னத்தப் பூசினிய?"

"தெரியாமப் பூசிட்டேன்," என்றாள் குளோரி.

"தெரியாமயா? மொதலாளி, நம்ம ரெண்டு வண்டியும் இதே ஏலத்துல எடுத்ததுதான். கொளச்சல்ல கடல்காத்துல நின்னு அடிச்சட்டம் அப்பளம் மாதிரி உதிருது. இதுல ஒரு பொட்டுத் துரு இல்ல. முந்தாநேத்து தண்ணிக்குள்ள வேற போயிருக்கு. எண்ணெய்தான் காப்பாத்தியிருக்கு. இரும்புக்கு இத விட நல்லது ஒண்ணும் இல்லியாக்கும்."

ஜெபமணி வாயைத் திறந்தபடி நின்றான். தான் அன்றைக்குச் சொன்ன பொய், எழுத்துப் பிசகாமல், இன்னொருவன் வாயிலிருந்து உண்மையாக வந்துகொண்டிருந்தது.

கண்ட்ராக்டர் பணப்பையை எடுத்தார். சொன்ன விலைக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டித் தருவதாகச் சொன்னார். சிலுவைமுத்து குளோரியைப் பார்த்தான். அவள் கடவத்துக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றியவள் அதைப் பிரித்து, உதறித் தோளில் போட்டாள்.

"மன்னிக்கணும் மொதலாளி. வடசேரியில இன்னைக்குக் கத்திரிக்காயும் வாழக்காயும் கெடக்கு, எடுக்கச் சொல்லி ஆளு வந்துட்டு. வண்டிக்கு நேரமாச்சு," என்றான் சிலுவைமுத்து.

"அப்பம் விக்கலியா?"

"வேலைக்கு வாங்குன வண்டியாக்கும்," என்றாள் குளோரி.

லீமா மேலேயிருந்து கை நீட்டினாள். குளோரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மார்பளவு சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். கீழே சிலுவைமுத்துவின் குரல் கேட்டது.

"ஏய் ஜெபமணி, அப்பம் நீ சொன்னது பொய்யே இல்லியே! நான் உனக்காச் சொன்ன செபமாலை?"

"கெடக்கட்டும்," என்று மேலேயிருந்து குளோரி சொன்னாள், "அடுத்த பொய்க்கு ஆவும்."

லாரி கிளம்பியது. அம்மாண்டிவிளை தாண்டியது. மழை விட்டு, வயல்களில் தண்ணீர் வெயிலில் மின்னியது. வெள்ளிச்சந்தை வளைவில் வண்டி சாய்ந்தபோது, பதினெட்டு வருஷப் பழக்கத்தில், கடவத்தைப் பிடித்துக்கொள்ளக் குளோரியின் கை தலைக்குப் போயிற்று. அங்கே கடவம் இல்லை. உச்சியில் காற்றுத்தான் பட்டது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

வலதுபக்க இருக்கையில் சிலுவைமுத்து, எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்காமல், கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே! ரோட்டப் பாத்துச் சொல்லும்!" என்று கத்தினான் ஜெபமணி.